சாம்பிள் கையில் இருக்கிறது, அடிக்கலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 31 வயது. திருமங்கலம் பக்கத்தில் சொந்தமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். கேட், கிரில் வேலையில் ஆரம்பித்து, ஐந்து வருடமாக மஹிந்திரா தார் வண்டிக்கும் பழைய ஜீப்புகளுக்கும் ஆஃப்ரோடு சாமான்கள், அதாவது மலை, பாறைப் பாதையில் ஓட்டுவதற்கான சாமான்கள் செய்கிறோம். போன மாதம் ஒரு டீலர் வந்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் முன் பம்பரையும் ராக் ஸ்லைடரையும் (வண்டியின் வாசலடியைப் பாறை இடிக்காமல் காக்கிற பக்கக் குழாய்) ஒரு செட் இறக்கிவைத்து, “இதே மாதிரி 60 செட் வேணும், அவங்க ரேட்ல பாதிக்குக் கொடுங்க” என்றார். அளவெடுக்கிற சிரமம் வேண்டாம் என்று ஒரு பென் டிரைவில் லேசர் கட்டிங் ஃபைலும் கொடுத்தார். நாற்பது சதவீதம் அட்வான்ஸ் தருகிறார். லேத் பட்டறை வைத்திருந்த என் அப்பா, “சாம்பிளைப் பார்த்து அடிக்கிறதுதானே பட்டறைத் தொழில், இதுல என்ன யோசனை” என்கிறார். ஜீப்பே ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததுதானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் முன்பு நான் யோசித்துச் செய்த ஸ்கிட் பிளேட்டை, அதாவது வண்டியின் அடிப்பகுதியைக் காக்கிற தகட்டை, வேறொரு பட்டறை அச்சு அசலாக அடித்து விற்றபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதையே நான் இன்னொருவருக்குச் செய்யப் போகிறேனா? சட்டப்படி தப்பா? சட்டம் விட்டாலும் இது சரியா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பம்பரைப் பற்றியும் ஸ்லைடரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பென் டிரைவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஃபைல் டீலர் கைக்கு எப்படி வந்தது? பம்பரை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஃபைலை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து விலகிய யாராவது கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், அவர்களுக்கு ஜாப் ஒர்க்கில் தகடு வெட்டித் தருகிற இடத்திலிருந்து கசிந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும், ஒருவர் நம்பி ஒப்படைத்ததை இன்னொருவர் எடுத்து வெளியே விட்டிருக்கிறார்.

கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள சிறிய பட்டறைகளில் சொந்த லேசர் மெஷின் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நாம் எல்லோருமே வரைந்ததை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பிவிட்டு, வெட்டின தகடு எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள்தான். நம் தொழில் முழுக்க இந்த ஒரு நம்பிக்கையின் மேல் ஓடுகிறது. உங்கள் ஸ்கிட் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அடித்தவர் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்கேல் பிடித்து அளவெடுத்தாரா, இல்லை அவருக்கும் இப்படி ஒரு பென் டிரைவ் வந்ததா? ஒருமுறை அதை வாங்கிப் பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்று பிறகு விட்டுவிட்ட துளை ஏதாவது அதிலும் இருக்கிறதா? மூலையில் நீங்கள் தெரியாமல் போட்ட பிசகான அளவு அப்படியே வந்திருக்கிறதா? சாமானைப் பார்த்து அளவெடுக்கிறவனிடம் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிழை உட்பட எல்லாம் அரை எம்.எம். மாறாமல் வந்திருந்தால் அது ஃபைலிலிருந்து வந்தது.

ஆகவே பென் டிரைவ் விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. அதைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டாம். ஏற்கெனவே செருகிப் பார்த்திருந்தால், காப்பி எடுத்ததை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தொழில் ரகசியத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லைதான். ஆனாலும் நம்பிக்கை மீறல் என்று வழக்குப் போட வழி இருக்கிறது. வழக்கு வராது என்றே வைத்துக்கொண்டாலும் என் பதில் இதுதான்.

சரி, ஃபைலை விடுவோம். கையில் சாம்பிள் மட்டும் இருக்கிறது. அதை அளந்து அடிக்கலாமா?

உங்கள் அப்பா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். நானும் சாம்பிளைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்கி, கழற்றி, அறுத்து, உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. பார்க்காதவன் வளர மாட்டான். ஆனால் உங்கள் அப்பாவின் லேத்துக்கு வந்த சாம்பிளும் இந்த டீலர் இறக்கியிருக்கிற சாம்பிளும் ஒன்றல்ல. அப்பாவிடம் ஒரு சம்சாரி மோட்டார் பம்பின் உடைந்த ஷாஃப்டைக் கொண்டுவந்து, “இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு கொடுங்க, நாளைக்குத் தண்ணி பாய்ச்சணும்” என்றிருப்பார். அந்த ஷாஃப்ட் அவருடையது, பம்பும் அவருடையது. அப்பா கடைந்து கொடுத்ததால் பம்பு செய்த கம்பெனியின் வியாபாரம் போகவில்லை. அது பழுது பார்க்கிற வேலை. இங்கே ஒருவர் செய்து விற்கிற சாமானை, அவருடைய வாடிக்கையாளருக்கே, அவர் விலையில் பாதிக்கு விற்க 60 செட் கேட்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார். அந்தக் காலத்து லேத்காரர்கள் கைவேலைக்கு மரியாதை தெரிந்தவர்கள்.

சட்டத்தைக் கேட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் முப்பது வருட டூல் ரூம் வேலையில் இதைக் கற்காமல் முடியவில்லை. இதற்கென்று 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த டிசைனுக்கு முதலில் 10 ஆண்டு பாதுகாப்பு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு. பதிவு கொல்கத்தா டிசைன் அலுவலகத்தில் நடக்கிறது. பதிவானவற்றை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தச் சட்டம் காப்பது கண்ணுக்குத் தெரிகிற உருவத்தை மட்டும். ஒரு பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதில் புதுமை இருந்தால் அதற்குப் பேட்டன்ட் வாங்க வேண்டும். அது 20 ஆண்டு. பதிவான டிசைனை அடித்தால் 22-ம் பிரிவின்படி ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் கட்டவேண்டி வரும். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அவர்கள் அதற்குப் பதிலாக நஷ்டஈடும் தடையுத்தரவும் கேட்டுப் போகலாம். 40 செட் வெல்டிங் முடித்து, பவுடர் கோட்டிங் போட்டு, அடுக்கிவைத்திருக்கிற நாளில் தடை வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டீலர் அன்று போனை எடுக்க மாட்டார்.

அவர்கள் பதிவு செய்யவில்லை என்றால்? அப்போது சட்டம் பெரும்பாலும் உங்களை ஒன்றும் செய்யாது. பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதியாமல் தொழில்முறையில் 50 பீஸுக்கு மேல் செய்துவிட்டால், வரைபடத்தின் மேல் உள்ள பதிப்புரிமையும் (காப்பிரைட்) போய்விடும் என்று 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 15-ம் பிரிவில் சொல்கிறது. நம் தொழிலில் பதிவு செய்கிறவர்கள் குறைவு. ஆகவே சட்டக் கணக்கு மட்டும் போட்டால், பதிவு இல்லாத ஸ்லைடரை நீங்கள் அடிக்கலாம் என்றுகூட வரும். உங்கள் ஸ்கிட் பிளேட்டை அடித்தவரும் இதே கணக்கில்தான் தப்பித்தார். நீங்கள் விற்ற பிறகு பதியப் போனாலும் பதிய முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே வெளியான டிசைன் புதியது ஆகாது. அடுத்த சாமானுக்காவது விற்பதற்கு முன்னால், இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கும் முன்னால், விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

ஜீப்பே காப்பிதானே என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1940-ல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி கேட்டது. குறித்த நாளுக்குள் ஓடுகிற மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது பான்டம் என்ற சிறிய கம்பெனி. ராணுவமோ அந்த வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. பெரிய ஆர்டர்களும் அவர்களுக்கே போயின. பான்டம் டிரெய்லர் செய்யும் நிலைக்கு வந்தது. போர்க்காலம், அவசரம், நிறைய வண்டி வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது நடந்தது என்பதால் சரி என்று ஆகிவிடாது. 1948-ல் அமெரிக்க வணிக ஆணையமே, ஜீப்பை உருவாக்கியது நாங்கள்தான் என்று வில்லிஸ் விளம்பரம் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. மஹிந்திரா 1947-ல் இங்கே வில்லிஸ் ஜீப்பைச் சேர்த்துக் கட்டத் தொடங்கியபோது உரிமம் வாங்கித்தான் செய்தார்கள். அப்படி வந்த கம்பெனிக்கே, ராக்ஸர் வண்டியை அமெரிக்காவில் விற்றபோது 2018-ல் வழக்கு வந்தது. உருவம் ஜீப்பைப் போலவே இருக்கிறது என்று 2020-ல் தீர்ப்பானது. தோற்றத்தை மாற்றிய பிறகே வண்டி விடப்பட்டது. ஜீப்பின் கதையை நண்பர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முழுதாகச் சொன்னால் அது அவர்கள் பக்கம் பேசாது.

இனி, எனக்கு இந்த விஷயம் ஏன் நெஞ்சுக்கு நெருக்கம் என்று சொல்ல வேண்டும்.

1993-ல் நான் மதுரையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். போடி பக்கத்து ஏலத் தோட்டங்களில் ஓடுகிற ஜீப்புகளுக்கு ஸ்பேர் செய்துகொண்டிருந்தோம். லீஃப் ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு தொங்கவிடுகிற ஷேக்கிள் பின் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். நல்ல பேர் எடுத்த கம்பெனியின் பின் ஒன்றைச் சாம்பிளாக வைத்து, அதே மாதிரி அடித்து, பாதி விலைக்குக் கொடுக்க எங்களுக்கு ஆர்டர். வரைந்தவன் நான். வெர்னியர் வைத்து ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்தேன். கிரீஸ் போகிற துளை, வாய்ப்பக்கச் சரிவு, எதையும் விடவில்லை. எம்.எஸ். பிரைட் பார் என்கிற சாதாரண இரும்புக் கம்பியில் கடைந்து, மேலே துத்தநாகம் பூசி அனுப்பினோம். ஒரிஜினலைவிட எங்களுடையது பளபளப்பாக இருந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு டிரைவர் போடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேஜையில் பிரித்தார். எங்கள் பின். நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்து, அந்த இடத்தில் முறிந்திருந்தது. தோட்டத்திலிருந்து கீழே இறங்கும்போது முறிந்ததாம். ஸ்பிரிங் விலகி வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வண்டியில் காய் பறித்துவிட்டுத் திரும்பிய எட்டுப் பெண்கள். சாய்ந்தது மலைப் பக்கமாக. மறுபக்கம் சாய்ந்திருந்தால் நான் இன்று இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார்” என்று மட்டும் சொன்னார்.

அளவு சரிதான். நான் பார்க்காதது என்னவென்றால், அந்த ஒரிஜினல் பின் கேஸ் ஹார்டனிங் செய்தது. மேல் தோல் மட்டும் கெட்டிப்பட்டு, உள்ளே இளக்கமாக இருக்கும். தோல் தேய்மானத்தைத் தாங்கும், உள்பகுதி குலுக்கலைத் தாங்கும். வெர்னியரில் இது தெரியாது. ஒரு அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். அரம் பிடிக்காமல் வழுக்கியிருக்கும். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாததால் அரத்தை எடுக்கவே இல்லை. சாம்பிளைப் போலவே வர வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை.

பிறர் டிசைனை அடிப்பதில் பெரிய தவறு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். போட்டிக் கம்பெனிக்குப் போகிற நஷ்டம் இரண்டாவது. அந்தச் சாமானை நம்பி மலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு நாம் தெரியாமல் செய்கிற துரோகம்தான் முதலாவது.

உங்கள் கையில் இருக்கிற ஸ்லைடரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சேஸிஸில் உட்காரும் தகடு ஏன் அவ்வளவு அகலம்? பாறையில் வண்டி விழும்போது பாரம் ஒரே புள்ளியில் இறங்கிச் சேஸிஸைக் குத்திவிடாமல் பரவுவதற்காக இருக்கலாம். ஒரு கால் மட்டும் ஏன் வளைந்து போகிறது? பிரேக் லைனோ ஒயரிங்கோ அந்த இடத்தில் போகிறதா? கீழே இருக்கிற துளை சேறு வடியவா, இல்லை அழகுக்கா? குழாய் ஏன் கொஞ்சம் மேல்நோக்கி வெளியே சரிகிறது? அவர்கள் முதல் சாம்பிளைக் கட்டி, ஏதோ ஒரு மலையில் கொண்டுபோய் உடைத்து, அதன் பிறகு இந்தக் காலை வளைத்திருப்பார்கள். அந்த உடைந்த சாம்பிள்களுக்கான காசும் அவர்கள் விலையில் இருக்கிறது. நீங்கள் பாதி விலைக்குக் கொடுக்க முடிகிறது என்றால், அதில் ஒரு பகுதி அவர்கள் உடைத்ததற்கு நீங்கள் காசு தரவில்லை என்பதால்தான்.

மீதி எங்கிருந்து வரும்? தகட்டிலிருந்து. டீலர் இன்னும் கேட்டிருக்காவிட்டால் அடுத்த போனில் கேட்பார், 4 எம்.எம். தகட்டை 3 ஆக்க முடியுமா என்று. ஒரு எம்.எம்.தானே என்று தோன்றும். வளையும் தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. 4-ஐ 3 ஆக்கினால் எடை கால் பங்குதான் குறையும், விறைப்போ பாதிக்கும் கீழே போய்விடும். போல்ட்டிலும் இதே கதை. தலையில் 10.9 என்று போட்டிருக்கிற இடத்தில் 8.8 போட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இழுவிசையில் முறியும் அளவு 1000 மெகாபாஸ்கலிலிருந்து 800-க்கு இறங்குகிறது. ஃபைலில் இதெல்லாம் இருக்காது. ஃபைலில் இருப்பது கோடு மட்டும். அது எந்தத் தகடு, தரத்தில் ஈ 250-ஆ ஈ 350-ஆ, எந்த போல்ட், வெல்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

பம்பர் விஷயம் தனி. அதை நீங்கள் யாருடைய டிசைனிலும் செய்ய வேண்டாம், உங்கள் சொந்த டிசைனிலும் வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் என்று முன்னால் கூடுதல் இரும்புத் தடுப்பு மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் முன்பகுதி மோதலில் எப்படி மடங்க வேண்டும், ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். 2020-ல் வந்த புதிய தாரில் முன்னால் இரண்டு ஏர்பேக் இருக்கிறது. அதற்கு முன்னால் கனமான இரும்பை மாட்டினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். நடந்து போகிறவர் மேல் இடித்தால் அவருக்கு ஏற்படுகிற சேதமும் கூடும். அப்புறம், அந்த பம்பரில் இழுவைக்கு இரண்டு காது வெல்டு செய்திருப்பார்கள். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போது அது பிய்ந்து வந்தால் குண்டு மாதிரி பறக்கும். மேகமலைப் பக்கமும் குரங்கணிப் பக்கமும் போகிற பையன்கள் பலருக்கு இழுவை கொக்கி சேஸிஸில் மாட்ட வேண்டியது என்பதே தெரியாது. தெரிந்த நாம் அவர்களுக்கு அதை விற்கக் கூடாது.

ஸ்லைடரில் எது யாருடையது என்று பார்ப்போம். தார் சேஸிஸில் இருக்கிற துளைகள் வண்டிக்கு உரியவை. ஆஃப்ரோடு சாமான் செய்கிற எந்தக் கம்பெனியும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. அந்தத் துளையில் உட்கார வேண்டும் என்பதால் உங்கள் தகடும் அவர்கள் தகடும் ஓரளவு ஒன்றுபோல இருக்கத்தான் செய்யும். அது காப்பி இல்லை. ஆனால் அளவை அவர்கள் தகட்டிலிருந்து எடுக்காதீர்கள். வண்டிக்கு அடியில் நீங்களே படுத்து எடுங்கள். ஓரத்தில் குழாய் போட்டு வாசலடியைக் காப்பது என்ற யோசனையும் பழசு, அது எல்லோருக்கும் பொது. அவர்கள் கால் வளைத்திருக்கிற விதம், தகட்டில் வெட்டியிருக்கிற கோலம், மூடி முனையின் வடிவம், இவை அவர்கள் யோசித்தவை. அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஏன் என்று கேளுங்கள், பதில் கிடைத்த பிறகு சாம்பிளைக் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டு உங்களுடையதை வரையுங்கள். அப்படி வரைந்தது அவர்களுடையதைப் போலவே வந்தாலும் உங்களுக்கு ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். “அந்தக் கம்பெனி மாடல்” என்று சொல்லி டீலர் விற்பார், அது உறுதி. நம் ஊர்ச் சுங்குடிக்கு நடந்ததுதான் இது. கையால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலை அது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அச்சில் புள்ளி போட்ட சேலை மலிவாக வந்தது. அச்சுச் சேலை விற்பது தவறே இல்லை. வாங்க முடியாதவர்களும் உடுத்துகிறார்கள். அதையே முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்றபோதுதான் முடிச்சுப் போடுகிற பெண்களின் கூலி போனது. உங்கள் ஸ்லைடரில் உங்கள் பட்டறைப் பெயரைத் தகட்டிலேயே வெட்டிவிடுங்கள், ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். டீலரால் அதை மறைக்க முடியாது. உடைந்தால் உங்களைத் தேடி வருவார்கள் என்ற நினைப்பும் இருக்கும்.

இதெல்லாம் சொல்லிவிட்டேன், எட்டுப் பேர் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 60 செட் ஆர்டரை விடுவது நஷ்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. டீலரிடம் நேராகப் பேசுங்கள். பம்பர் முடியாது, ஸ்லைடர் என் டிசைனில் தருகிறேன், பாதி விலைக்கு வராது, ஆனால் நல்ல தகட்டில் வரும் என்று சொல்லுங்கள். முதலில் பத்து செட் கேளுங்கள். மறுத்துவிட்டுப் போனால் போகட்டும். இன்று அடுத்தவர் சாமானைக் கொண்டுவருகிற டீலர், நாளைக்கு உங்கள் ஸ்லைடரைத் தூக்கிக்கொண்டு வேறொரு பட்டறைக்குப் போவார்.

அந்த வெளியூர்க் கம்பெனிக்கே ஒரு மெயில் எழுதலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஸ்லைடரும் பம்பரும் கனமான சாமான்கள், லாரி வாடகை அவர்களுக்குப் பெரிய செலவு. தெற்கு மாவட்டங்களுக்கு வேண்டியதை அவர்கள் டிசைனில், அவர்கள் பெயரில், ஜாப் ஒர்க்காக நான் ஸ்லைடர் கட்டித் தருகிறேன் என்று கேளுங்கள். பதில் வராமல் போகலாம். கேட்பதில் இழப்பு இல்லை. அந்த மெயிலில் உங்கள் லேசர் ஃபைல் வெளியே சுற்றுகிறது என்பதையும் சொல்லுங்கள். யார் கொடுத்தார்கள் என்று சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஃபைல் கசிந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஸ்கிட் பிளேட் விஷயத்தில் உங்களுக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

இன்னொரு வழியும் இருக்கிறது. கம்பெனி கைவிட்ட பழைய ஜீப்புகள், எம்.எம். 540, சி.ஜே. 340, கமாண்டர் எல்லாம் தேனி மலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு நல்ல ஸ்பேர் கிடைக்காமல் டிரைவர்கள் அலைகிறார்கள். அங்கே ஒரிஜினலைப் பார்த்து அதே மாதிரி செய்வது யார் வயிற்றிலும் அடிப்பது இல்லை, வண்டியை ஓட வைக்கிற வேலை. அரத்தை மட்டும் மறக்காதீர்கள். கெட்டிப்படுத்த வேண்டியதை ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்புங்கள், தகட்டின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் லேசர் கட்டிங்காரரிடம் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: வேலை முடிந்ததும் ஃபைலை அழிக்க வேண்டும், வேறு யாருக்கும் தரக் கூடாது என்று. பல வருடம் பழகியவரிடம் இப்படிக் கேட்கச் சங்கடமாக இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் தயங்காமல் போட்டுத் தருவார்.

ஸ்லைடரின் முதல் சாம்பிள் கட்டியதும், வண்டியில் மாட்டி, ஒரு பக்க ஸ்லைடருக்குக் கீழே ஜாக் வைத்து அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் வண்டி அது. தூக்குவதற்கு முன் ஓர் அளவு, இறக்கிய பின் ஓர் அளவு எடுங்கள். இறக்கிய பிறகும் ஸ்லைடர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் கால்களை மறுபடி வரைய வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மாதம் இரண்டு முறை கப்பலூர் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள், வந்து பார்க்கிறேன். பெயின்ட் அடிக்கும் முன்னால் கூப்பிடுங்கள். அடித்துவிட்டால் வெல்டு தெரியாது.